மடி கரைக்கு வரும்வரை

கதிராமனின் கைக்குள் எதைக் கொடுத்தாலும் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் விடாது. சேலைத் தலைப்பு, துவாய், பார்க்க வந்தவர்களின் விரல், எதுவானாலும் சரி, பிடித்ததை மெல்ல மெல்லத் தன் நெஞ்சுப் பக்கம் இழுக்கும். கண் திறந்தே இருக்கும். அது கூரைக் கிடுகைப் பார்க்கிறதா, ஒன்றையுமே பார்க்கவில்லையா என்று ஒருவருக்கும் தெரியாது.

"வலை இழுக்கிறான் பாத்தியா," என்று வந்தவர்கள் அவன் பெண்சாதி ராசமலரிடம் சொல்வார்கள். "கை மறக்கேல்ல புள்ள. கை வந்தால் மற்றதும் வரும். வெருகலம்பதி முருகன் கைவிட மாட்டான்."

சொல்லிவிட்டு, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவார்கள். ஆறுதல் சொல்வதில் எங்கள் ஆட்களை மிஞ்ச ஒருவராலும் முடியாது. அந்த வீட்டில் சீனி இருக்கிறதா என்று கேட்டவர்தான் ஒருவருமில்லை. சீனி, மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாம் இராணுவச் சாவடிக்கு அந்தப் பக்கம் கிடந்த காலம் அது. இந்தப் பக்கம் இயக்கப் பெடியளின் ஆட்சி. இரண்டுக்கும் நடுவில் கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, வெருகலாறு கடலில் விழும் இடத்துக்குச் சற்று வடக்கே, எங்கள் கரை.

வந்தவர்கள் எல்லாரும் கதிராமனின் கைக்குள் விரலைக் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுக்காத ஆள் ஒருவர்தான். அவர் ராசமலரின் அண்ணன் தம்பிராசா. நாள் தவறாமல் வருவார். மரவள்ளிக் கிழங்கோ முருங்கைக் கீரையோ கையில் இருக்கும். பாய்க்குப் பக்கத்தில் நின்று பார்ப்பார், பெருமூச்சு விடுவார், போய்விடுவார். அண்ணனுக்கு மனம் தாங்கவில்லை, அதுதான் தொடப் பயப்படுகிறார் என்று ராசமலர் நினைத்துக்கொண்டாள். அவருக்காகவும் சேர்த்து அழுதாள்.

தம்பிராசாதான் எங்கள் கரைவலைக்குத் தண்டையல். வலையை எப்போது விடுவது, எப்போது இழுப்பது, மீனை எப்படிப் பங்கிடுவது எல்லாம் அவருடைய வாய்ச்சொல். மோட்டர் போட்ட படகு ஓடக்கூடாது, கரையை விட்டுத் தூரம் போகக்கூடாது என்று கடற்படை சொல்லிவிட்டதால் எங்களுக்கு மிஞ்சியது கரைவலை மட்டும். தோணியில் வலையைக் கொண்டுபோய் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் ஆட்கள் கரையில் நின்று இழுக்க வேண்டும். வலையின் நடுவில் இருக்கும் பைக்குத்தான் மடி என்று பேர். மீனெல்லாம் அதற்குள்தான் வந்து சேரும். அந்த மடி கரைக்கு வரும்வரை ஒருவரும் கயிற்றை விடக்கூடாது. ஒரு பக்கம் தளர்ந்தால் வலை சரிந்துவிடும், மீன் போய்விடும், வலையும் கல்லில் சிக்கிக் கிழியும். பெண்சாதிக்குப் பிள்ளைப்பேறு நோ கண்டுவிட்டது என்று ஆள் வந்து கூப்பிட்டாலும், "மடி வரட்டும்" என்றுதான் பதில் சொல்வார்கள். அப்பன் பாட்டன் காலத்துச் சட்டம் அது. புதிதாகக் கயிற்றுக்கு வருகிறவனுக்குத் தம்பிராசா முதலில் சொல்லிக் கொடுப்பதும் அதைத்தான். கதிராமனுக்கும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். பிறகு தங்கையையும் கொடுத்தார்.

அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நிவாரண நிறுவனம் ஒன்று பள்ளிக்கூடத்தில் முதலுதவி வகுப்பு வைத்தபோது எங்கள் கரையிலிருந்து போனவர் அவர் மட்டும்தான். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத ஒரு றப்பர் மனிதனைத் தரையில் கிடத்தி, மூச்சுப்பேச்சில்லாமல் விழுந்தவனின் நெஞ்சில் எப்படிக் கைவைத்து அமத்துவது என்று காட்டினார்களாம். திரும்பி வந்தவர் காணுமிடமெல்லாம் நெல்மூட்டையைக் கிடத்தி அமத்திக் காட்டினார். "முழங்கை மடங்கக்கூடாது. நிப்பாட்டக்கூடாது. ஆள் விழுந்த உடன தொடங்கோணும்," என்பார். அவர் வருவதைக் கண்டால் மூட்டையை ஒளித்துவைக்க வேண்டும் என்று பெண்கள் சிரிப்பார்கள்.

கதிராமன் விழுந்தது சித்திரை வெயிலில். அதற்கு முன் கடலில் ஏதோ சண்டை நடந்து, கரையில் கால் வைக்கவே தடை போட்டிருந்தார்கள். கிழமைக்கணக்கில் மரவள்ளிக் கிழங்கு அவித்துத் தின்று எல்லாருடைய வயிறும் ஒட்டிப்போயிருந்தது. தடை எடுத்த பிறகு போட்ட முதல் வலை அது. தண்ணீர் கறுத்துக் கிடந்தது. பாரை மீன் கூட்டம் என்று தோணியில் நின்றவன் துவாயை வீசிக் காட்டினான்.

ராசமலர் அப்போது வீட்டில் இருந்தாள். ஆள் வந்து சொல்லி அவள் ஓடிப்போனபோது, உழவு மெசினின் பெட்டியில் கதிராமனைக் கிடத்தி, தம்பிராசா மேலே குந்தியிருந்து நெஞ்சை அமத்திக்கொண்டிருந்தார். அவருடைய உடம்பெல்லாம் மண்ணும் தண்ணீரும். அவளும் பெட்டியில் ஏறிக்கொண்டாள். மண்ணெண்ணெயில் ஓடும் மெசின், குழியும் மேடுமான பாதை. டிஸ்பென்சரி போய்ச் சேரும்வரை அவர் கையை எடுக்கவில்லை. அதை அவள் தன் கண்ணால் பார்த்தாள்.

டிஸ்பென்சரியில் அன்று அன்ஸார் டொக்டர் இருந்தது அவர்களுடைய அதிர்ஷ்டம். முஸ்லிம் ஊரான தோப்பூரிலிருந்து சாவடி தாண்டிச் சைக்கிளில் வருகிறவர். பெரிய டொக்டர் இல்லை, அப்போதிக்கரிதான். ஆனால் எங்களுக்கு வேறு டொக்டர் யார் இருந்தார்கள்? தம்பிராசா களைத்து விழ, அன்ஸார் தான் அமத்தத் தொடங்கினார். நேர்ஸ் மிஸ்ஸிடம் பாம்புக்கடிப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பாம்புக்கடி மருந்து ஏற்றும்போது சிலருக்கு மேலெல்லாம் தடித்து மூச்சடைக்கும். அதற்குக் கொடுக்கவென்று அந்தப் பெட்டிக்குள் கொஞ்சம் அட்ரினலின் வைத்திருந்தார்கள். ஒன்று ஏற்றினார், அமத்தினார், இன்னொன்று ஏற்றினார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ராசமலருக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. சேட்டு வேர்வையில் ஒட்டியிருந்தது. கடைசியில் அவர் கதிராமனின் கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு, "வந்திரிச்சி," என்றார்.

வாசலில் நின்ற ஊர் முழுக்க "முருகா" என்றது. தம்பிராசா நிலத்தில் குந்தி, முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதார். ராசமலர் ஓடிப்போய் அண்ணனின் காலைப் பிடித்தாள்.

"என்ன நடந்தது அண்ணன்?"

"நெஞ்சில கையை வச்சுக்கொண்டு இருந்தான். அப்பிடியே குப்புற விழுந்திட்டான். நான் கயித்த விட்டுட்டு ஓடி வந்து அமத்தத் தொடங்கினனான்," என்றார் அவர்.

தண்டையல் கயிற்றை விட்டாராம். இதைவிடப் பெரிய பாசம் ஒரு அண்ணனுக்கு வேறென்ன இருக்கிறது? பொழுது சாயத் தம்பிராசாவின் வீட்டிலிருந்து சோறும் பாரைமீன் ஆணமும் வந்தன. புருஷன் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே, டிஸ்பென்சரி வாங்குப் பலகையில் குந்தியிருந்து ராசமலர் சாப்பிட்டாள். அன்றைக்குப்போல ருசித்து அவள் என்றைக்கும் சாப்பிட்டதில்லை. கையை நக்கியபோது வெட்கமாகக்கூட இருந்தது.

மறுநாள் செஞ்சிலுவை வாகனத்தில் மூதூர், அங்கிருந்து லோஞ்சிப் படகில் திருகோணமலை. பெரியாஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு, "இனி வீட்டில வச்சுப் பாருங்கோ," என்று மூக்கில் ஒரு ரியூப்போடு அனுப்பிவிட்டார்கள். நெஞ்சு மணிக்கூடு போல அடித்தது. ஆள் மட்டும் வரவில்லை.

ரியூப்பைக் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும். அதற்கென்று அன்ஸார் வீட்டுக்கே வந்தார். சைக்கிளைப் பூவரச மரத்தில் சாத்திவிட்டு, கையைக் கழுவி, கதிராமனை "தம்பி, கொஞ்சம் பொறுத்துக்குங்க," என்று சொல்லித்தான் தொடுவார். முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க ராசமலருக்குக் காட்டிக் கொடுத்ததும் அவர்தான். அப்படி வந்த ஒருநாள் அவள் கேட்டாள்.

"நெஞ்சு நல்லாத்தானே அடிக்குது டொக்டர். அப்ப ஏன் இவர் எழும்புறார் இல்ல?"

அன்ஸார் துவாயில் கையைத் துடைத்தார். "நெஞ்சு வேற, மூளை வேற தங்கச்சி. நெஞ்சு நிண்டு கொஞ்சம் சுணங்கினாலும் திரும்பி வரப் பாக்கும். மூளை பொறுக்காது. ரத்தம் போகாட்டி உடனேயே அழியத் தொடங்கிரும்."

"அதுக்குத்தானே ஊசி போட்டனீங்கள்?"

"அந்த ஊசி என்ன செய்யுமெண்டு சொல்றன் கேளுங்க. உங்கட அப்பா வயல் செய்தவர்தானே. வாய்க்கால்ல தண்ணி குறைஞ்சா என்ன செய்வாங்க? மத்த வயலுக்குப் போற வாயெல்லாம் மண் போட்டு அடைச்சி, வாடுற வயலுக்கு மட்டும் விடுவாங்க. அட்ரினலின் அதத்தான் செய்யும். கை, கால், குடல் எல்லாத்துக்கும் போற ரத்தத்த இறுக்கி நெஞ்சுக்குத் திருப்பும். நெஞ்சு அதால எழும்பும். ஆனா வாய்க்கால்ல தண்ணி ஓடினாத்தானே திருப்பேலும்? அத ஓட்டுறது அமத்துற கைதான். ஆள் விழுந்த உடனே அமத்தினா, கொஞ்சமெண்டாலும் மூளைக்குப் போய்க்கிட்டே இரிக்கும். பிறகு ஊசிய எவ்வளவு கெதியாப் போடுறமோ அவ்வளவுக்கு நல்லம்."

"அண்ணன் உடனேதான் அமத்தினவர்."

"உடனேயா?"

"ஓம். கயித்த விட்டுட்டு ஓடி வந்தவர். உங்களிட்டயும் அப்பிடித்தானே சொன்னவர்?"

"சொன்னாருதான்," என்றார் அன்ஸார். கதிராமனின் வயிற்றில் ஆறிப்போன உராய்வுத் தழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பிடியெண்டா இவ்வளவு மோசமா வந்திரிக்கக் கூடாது."

"அப்ப ஊசியிலயோ பிழை?"

இந்த இடத்தில் வேறொருவர் என்றால் இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லித் தப்பியிருப்பார். அன்ஸாருக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை.

"நான் போட்டது நல்ல மருந்து. காலம் பிந்தினதில்ல. ஆனா ஒண்டு சொல்லோணும். அது மூளைக்குள்ள இரிக்கிற மயிர் போல குழாய்களையும் இறுக்கிப் போடுமோ எண்டு பெரிய பெரிய படிப்புப் படிச்சவங்களுக்கே சந்தேகம் இரிக்கி. நெஞ்சுக்குக் குடுத்திட்டு மூளையில கொஞ்சம் எடுத்திருந்தாலும் எடுத்திரிக்கும். சத்தியம் பண்ணி எனக்குச் சொல்லேலா. போடாம விட்டிருந்தா அண்டைக்கே மௌத்துத்தான்."

ராசமலரின் காதில் ஏறியது நடுவில் சொன்னது மட்டும்தான். அவர் போன கையோடு அண்ணனிடம் ஓடினாள். "டொக்டரே சொல்லுறார் அண்ணன், ஊசி மூளைய இறுக்கியிருக்குமாம்."

தம்பிராசா பொத்திக்கொண்டிருந்த வலையில் ஒரு முடிச்சைப் போட்டு இறுக்கினார். பிறகு, "எனக்கு அண்டைக்கே ஒரு மாதிரித்தான் கிடந்தது," என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. மிச்சத்தை ஊர் சொன்னது. ஊசி பழசாம். ஊசி போடச் சுணங்கினாராம். ரெண்டாவது ஊசி தேவையில்லாமல் போட்டாராம். கடைசியில், தோப்பூர் ஆள் எங்கள் ஆளுக்கு மனம் வைத்து ஊசி போடுவாரா என்றும் ஒரு கதை புறப்பட்டது. யார் சொன்னது என்று கேட்டால் ஒருவரும் சொல்லவில்லை. நாங்களும் அவர்களும் ஒரே சந்தையில் மீன் விற்று ஒரே கடையில் தேத்தண்ணி குடித்தவர்கள்தான். சண்டை தொடங்கிய பிறகு அந்தக் கதைக்குத் தீனி போட வேண்டியதில்லை, அது தானாகவே வளரும்.

அன்ஸார் அடுத்த முறை வந்தபோது ராசமலர் வாசலில் நின்றாள். "என்ர மனுசன்ர மூளைய எரிச்சுப்போட்டு ரியூப் மாத்த வாறீங்களோ?" என்று கேட்டாள். அவர் சைக்கிளைப் பூவரச மரத்தில் சாத்தினார். கையைக் கழுவினார், ரியூப்பை மாற்றினார், "புரட்டிப் படுக்கவைக்க மறந்திராதீங்க," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். பிறகு அவர் வரவில்லை. பெடியள் வழியில் மறித்து, ஊரில் ஒரு மாதிரிக் கதையாக இருக்கிறது, கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

கச்சான் காற்று வீசத் தொடங்கியது. மண்ணும் சருகும் வீட்டுக்குள் வந்து விழுந்தன. கதிராமனின் ரியூப் பழுப்பேறி, கஞ்சித் தண்ணி இறங்க மறுத்தது. மெல்ல மெல்ல விட்டாலும் பாதி திரும்பி வந்தது. டிஸ்பென்சரி மிஸ் வந்து பார்த்துவிட்டு, தனக்கு இது பழக்கமில்லை, பிழையாகப் போட்டால் சுவாசப்பைக்குள் போய்விடும் என்று கையை விரித்தாள். ஆளின் கன்னம் குழி விழுந்தது. உடம்பு மெல்லச் சுட்டது. ரியூப் முழுதாக அடைத்துவிட்டால் அவன் பட்டினியாகவே கிடந்து செத்துப்போவான். ராசமலருக்கு அது தெரியும்.

அப்படியான ஒரு காலையில்தான் பக்கத்து வீட்டுக் கனகமணி, கதிராமனைப் புரட்டிவிட உதவிக்கு வந்தாள். கனகமணி கரையில் மீன் வெட்டிக் காயப்போடுகிறவள். வாய் ஓயாது, மனம் கெட்டதில்லை. இருவரும் சேர்ந்து ஆளைப் புரட்டித் துடைத்துவிட்டு, குசினிக்குள் வந்தார்கள். ராசமலர் அடுப்புக்கு மேலே தொங்கிய கருவாட்டை எடுத்துத் தண்ணீரில் ஊறப்போட்டாள்.

"இது அந்த வலைப் பாரைதானே?" என்றாள் கனகமணி.

"ஓம் கா. கடைசித் துண்டு. அண்ணன் இவரின்ர பங்கையும் தன்ர பங்கையும் எனக்குத்தானே தந்தவர்."

"என்ன மீன் புள்ள அது. உன்ர அண்ணன் இல்லாட்டி ஒண்டும் மிஞ்சியிராது. மடி அலைக்குள்ள வரேக்க பாரை முட்டின முட்டில வாய் திறக்கப் பாத்தது. மனுசன் கழுத்தளவு தண்ணியில இறங்கி மடிவாயக் கட்டிப் பிடிச்சுக்கொண்டெல்லோ கரைக்கு வந்தவர்."

கருவாட்டைக் கழுவிய ராசமலரின் கை நின்றது.

"எப்ப கா?"

"அண்டைக்குத்தான்."

"இவர் விழ முந்தியோ, விழுந்த பிறகோ?"

கனகமணி அடுப்புப் பக்கம் குனிந்தாள். அடுப்பில் எரியாத விறகை உள்ளே தள்ளினாள். "நான் அவ்வளவு சரியாப் பாக்கேல்ல," என்றாள்.

"பாத்துத்தானே கழுத்தளவு தண்ணி எண்டு சொன்னீங்கள்?"

"விடு புள்ள. நடந்தது நடந்து போச்சு."

"அக்கா, அண்ணன் கயித்த விட்டுட்டு ஓடி வந்ததெண்டுதான் எனக்குச் சொன்னது. கயித்த விட்டவர் மடிவாயில எப்பிடி நிண்டவர்?"

கனகமணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "கயித்த ஆர் புள்ள விட்டது. ஒருத்தரும் விடேல்ல. கதிராமன் இழுத்துக் கரைக்கு வந்த வால்கயித்தச் சுருட்டிக்கொண்டு நிண்டவன், அப்பிடியே விழுந்திட்டான். மடி அப்பதான் கண்ணுக்குத் தெரியுது. ரெண்டு கிழவங்கள்தான் கயித்தில இல்லாம நிண்டது. அவங்கள் தூக்கினாங்கள். உன்ர அண்ணன் கயித்தில நிண்டபடி கத்தினார், தண்ணி குடிச்சிருப்பான், உருளைக்கட்டையில போட்டு உருட்டுங்கோ எண்டு."

"இவர் தண்ணிக்குள்ள இறங்கவே இல்லையே."

"இறங்கேல்ல. ஆனா எங்கட கரையில ஆர் விழுந்தாலும் தோணி ஏத்துற உருளையில குப்புறப் போட்டு உருட்டுறதுதானே வழக்கம். அவங்களும் உருட்டினாங்கள். வயிறெல்லாம் உரஞ்சுது. அதுக்குள்ள மடி அலைக்குள்ள வர, உன்ர அண்ணன் தண்ணிக்குள்ள இறங்கி அதைக் கரையில ஏத்தினார். பிறகுதான் உன்ர அண்ணன் ஓடி வந்து நெஞ்சில கைய வச்சவர்."

"அண்ணனுக்கு அமத்தத் தெரியும் கா. நெல்மூட்டையில காட்டினவர். விழுந்த உடன தொடங்கோணுமெண்டு அவர்தான் சொன்னவர்."

"ஓம். தெரியும்."

"நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"எல்லாரும் அந்த மீனைத் திண்ட ஆக்கள் புள்ள," என்றாள் கனகமணி. "திண்டுபோட்டு என்னெண்டு சொல்லுறது?"

ராசமலர் சட்டிக்குள் பார்த்தாள். உப்புத் தண்ணீரில் கருவாடு ஊதிக்கொண்டிருந்தது. டிஸ்பென்சரி வாங்குப் பலகையில் குந்தியிருந்து கையை நக்கியது அவளுக்கு நினைவு வந்தது. ஊர் முழுக்க வந்து, வலை இழுக்கிறான் பாத்தியா என்று சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தது அவளும், தோப்பூரிலிருந்து சைக்கிளில் வந்த அந்த மனிதரும்தான். அவளை அந்த மனிதர்மேல் ஏவிவிட்டு ஊர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. கூடப் பிறந்தவன் அடித்தால் எங்கே போய் முறையிடுவது? அவளுக்கு அழுகை வரவில்லை.

கருவாட்டை அவள் எறியவில்லை. புளி கரைத்து, முருங்கைக்காய் போட்டு, மிச்சமிருந்த தேங்காய்ப்பாலையும் விட்டு ஆணமாக்கினாள். "என்ன செய்யப்போறாய்?" என்று கேட்ட கனகமணியைத் தன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

மத்தியானம் தம்பிராசா வந்தார். கையில் கொஞ்சம் பனங்கிழங்கு. வழக்கம்போலப் பாய்க்குப் பக்கத்தில் நின்றார், பெருமூச்சு விட்டார்.

"இருங்கோ அண்ணன்," என்றாள் ராசமலர்.

அவர் இருந்தார். கோப்பையில் சோறு போட்டு, பாரைக் கருவாட்டை நடுவில் வைத்து முன்னால் வைத்தாள். அவர் ஒரு கவளம் வாயில் வைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மடி கரைக்கு வரேக்க நீங்கள் எங்க நிண்டனீங்கள் அண்ணன்?"

அவர் மென்றதை விழுங்கினார். "ஆர் சொன்னது?"

இல்லை என்று சொல்லுவார் என்றுதான் அவள் கடைசிவரை எதிர்பார்த்தாள். பொய்யாவது சொல்லுவார் என்று நினைத்தாள்.

"ஆர் சொன்னால் என்ன? நீங்கள் சொல்லுங்கோ."

"மயக்கமெண்டு நினைச்சன் ராசமலர். வெறும் வயித்தோட வந்தவன். வெயில்."

"வீட்டில ஒண்டும் இருக்கேல்ல. வெறும் தேத்தண்ணிதான் குடுத்தனான்."

"அதத்தான் நானும் சொல்லுறன். ஆரின்ர வீட்டில என்ன இருந்தது? குழந்தையள் பசியில கத்துதுகள். கிழமைக்கணக்குக்குப் பிறகு ஒரு மீன்கூட்டம் வருது. நான் கயித்த விட்டால் எல்லாரும் விடுவாங்கள். வலையும் போகும், மீனும் போகும். ஊருக்கு ஆர் பதில் சொல்லுறது?"

"உருளையில போடச் சொன்னது?"

தம்பிராசா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "எல்லாரும் என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டாங்கள். நான் ஏதாவது சொல்லோணும். சொன்னன்."

"தண்ணி குடிக்கேல்ல எண்டு தெரிஞ்சுகொண்டு."

"ஓம்."

வெளியே காற்று பூவரசம் இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தது. ராசமலர் கதிராமனின் வாயோரத்தில் வழிந்த எச்சிலைத் துடைத்தாள்.

"கயித்துக்காக உங்களைக் கோவிக்க மாட்டன் அண்ணன். பசி எல்லாருக்கும்தான். நானும் அந்த மீனைத் திண்டனான். ஆனா டொக்டர் உங்களிட்டக் கேட்டவரெல்லோ, எப்ப அமத்தத் தொடங்கினதெண்டு? அவரிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"அதுக்குள்ள நெஞ்சு வந்திட்டுது. ஆள் தப்பிட்டான் எண்டு நினைச்சன். தப்பின பிறகு அதை ஏன் சொல்லோணும் எண்டு விட்டன்."

"தப்பேல்ல எண்டு தெரிஞ்ச பிறகு டொக்டரின்ர தலையில போட்டீங்கள்."

"நான் போடேல்ல. நீதானே வந்து சொன்னனீ, ஊசியிலதான் பிழை எண்டு."

அது உண்மைதான். அந்த உண்மை அவளை எல்லாவற்றையும்விட ஆழமாகக் குத்தியது. அவள் சொன்ன சொல்லை எடுத்துத்தான் அண்ணன் தன்னை மூடிக்கொண்டிருக்கிறார்.

"ஓம். நான்தான் சொன்னனான். உங்களை நம்பினபடியால் சொன்னனான்," என்றாள். "இப்ப ரியூப் அடைக்குது. மாத்தத் தெரிஞ்ச ஒரு ஆளையும் நீங்கள் வராமப் பண்ணிப்போட்டீங்கள். ஒருக்கா மீனுக்காக விட்டீங்கள். ரெண்டாந்தரம் ஆருக்காக அண்ணன்?"

தம்பிராசா கோப்பையைத் தள்ளி வைத்தார். "நான் போய்ப் பெடியளோட கதைக்கிறன்," என்று எழும்பப் பார்த்தார்.

"நீங்கள் கதைச்சது போதும்."

அவள் அவருடைய கையை எடுத்தாள். கழுவாத கை, சோறு ஒட்டியிருந்தது. அதைக் கொண்டுபோய்க் கதிராமனின் கைக்குள் வைத்தாள். அந்த விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின, இறுகின. தம்பிராசாவின் முகம் வெளிறியது. அவர் அதுவரை அந்தப் பிடியை அறிந்ததில்லை.

"எடுக்கச் சொல்லு புள்ள."

"அவர் விட மாட்டார் அண்ணன். நீங்கள் பழக்கினதுதானே. மடி கரைக்கு வரும்வரைக்கும் கயித்த விடக்கூடாதெண்டு."

கொடியில் கிடந்த சேலையை உதறிக் கட்டினாள். அடையாள அட்டையை எடுத்து இடுப்பில் செருகினாள். வேலிக்கு மேலால் கனகமணியைக் கூப்பிட்டு, "நான் வரும்வரைக்கும் கஞ்சித் தண்ணி துளித்துளியா விடுங்கோ கா. நான் தோப்பூருக்குப் போறன். பெடியள் மறிச்சாலும் சொல்லுவன், ஆமி மறிச்சாலும் சொல்லுவன், ஆர் அமத்தாம விட்டதெண்டு. டொக்டரின்ர காலில விழுந்தெண்டாலும் கூட்டிக்கொண்டு வருவன். வராட்டி அவரில பிழையில்ல," என்றாள்.

படலை சாத்தும் சத்தம் கேட்டது. பாய்க்குப் பக்கத்தில் தம்பிராசா குனிந்தபடி இருந்தார். பாதி தின்ற சோற்றில் இலையான்கள் வந்து மொய்த்தன. அவருடைய மற்றக் கை சும்மாதான் கிடந்தது. கைக்கெட்டும் தூரத்தில் கதிராமனின் நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தார். பிறகு பிடிபட்ட கையை மெதுவாக இழுத்தார்.

கதிராமன் திருப்பி இழுத்தான்.